உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில்



நெஞ்செரிச்சலை ஒரு வியாதியாக எண்ணுகிறவர்கள் நம்மில் வெகு சிலரே. மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை" என்று சொன்னால் போதும்; கடைக்காரர் ஒரு கேள்வியும் கேளாமல் அட்டையை எடுத்து நீட்டுகிறார். சில வீடுகளில் அந்த அட்டை உப்பு, புளிபோல மாதச் சாமான் பட்டியலிலேயே இடம் பெற்றிருக்கிறது. மும்பை, டெல்லி, பெங்களூர், புனே என்று பிழைப்புக்காகக் குடியேறிய நம் குடும்பங்களில் இது இன்னும் அதிகம். இரவு ஒன்பதரைக்கு ரயிலை விட்டு இறங்கி, பத்தரைக்கு ஆகாரம் புசித்து, பதினொன்றுக்குப் பாயில் சாய்கிற வாழ்க்கை நம்முடையது. நள்ளிரவில் தொண்டைவரை புளித்து ஏறுகிறது. எழுந்து ஒரு சோடா உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறோம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் இப்படியே ஓடிவிடுகிறது.

பெரும்பாலோருக்கு இதனால் பெரிய தீங்கு எதுவும் வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் புற்றுநோய் என்ற வார்த்தையைக் கண்டதும் இரவு தூக்கத்தை இழக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ஒரு சிறு கூட்டத்தாருக்கு, அந்தப் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள், உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இரண்டங்குல இடத்தில் ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்துவிடுகிறது. திசு தன் இனத்தையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றம் இன்னதென்று விளங்கினால், யார் பயப்பட வேண்டியதில்லை, யார் தாமதிக்கக் கூடாது என்பது தானாகவே தெளிவாகும்.

இரண்டு விதமான உள்தோல்

நாம் விழுங்கும் ஆகாரம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக நெஞ்சைக் கடந்து, உதரவிதானம் என்னும் தசைத்திரையிலுள்ள ஒரு துவாரத்தின் வழியே வயிற்றுக்குள் இறங்குகிறது. முன்பற்களிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்தில் இரைப்பை தொடங்கும். எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவர் குழாயின்மேல் குறித்துள்ள எண்களைக் கொண்டு இந்தத் தூரத்தைத்தான் அளக்கிறார்.

உணவுக்குழாயின் உள்தோல் நம் வாயின் உள்தோலைப் போன்றது. தட்டையான உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேலடுக்கு உராய்ந்து உதிர, அடியிலிருந்து புதிய அடுக்கு எழும்பி வரும். சூடான சோறும் முறுக்கின் துணுக்கும் மீன்முள்ளும் உராய்ந்து செல்லும் பாதைக்கு இதுவே ஏற்றது. ஆனால் அமிலத்தைத் தாங்கும் திறன் இதற்கு அதிகம் இல்லை.

இரைப்பையின் உள்தோலோ வேறு. அங்கே உயரமான உயிரணுக்கள் தென்னந்தோப்பின் மரங்களைப்போல ஒரே வரிசையில் நிமிர்ந்து நிற்கும். அவை சளியைச் சுரந்து தங்கள்மேல் தாங்களே ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். ஆகையால்தான் இரும்பாணியையும் அரிக்கத்தக்க அமிலத்தில் நாள்முழுதும் கிடந்தும் இரைப்பை தன்னைத்தானே ஜீரணித்துக்கொள்வதில்லை.

இவ்விரண்டும் சந்திக்கும் கோடு நேராக இராது. பல் பல்லாய், வளைந்து வளைந்து ஓடும். மேலே வெளிறிய நிறம், கீழே செந்நிறம். அந்த வளைவின் வடிவத்தினால் மருத்துவர்கள் அதற்கு "இசட் கோடு" என்று பெயரிட்டார்கள். ஆரோக்கியமான சரீரத்தில் இந்தக் கோடும், உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசையும், உதரவிதானத்தின் பிடியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்திருக்கும். சுருக்குத்தசை உள்ளிருந்து இறுக்கும். உதரவிதானம் வெளியிலிருந்து இறுக்கும். இந்த இரட்டைப் பூட்டு தளர்ந்தால் அமிலம் மேலேறுகிறது. இரைப்பையின் மேல்பாகம் துவாரத்தின் வழியாக நெஞ்சுக்குள் நழுவிவிட்டால், அதாவது ஹயாடஸ் ஹெர்னியா உண்டானால், இரண்டு பூட்டுகளும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடும். அப்பொழுது எதுக்களிப்பு இன்னும் எளிதாகும்.

சாப்பிட்டபின் இரைப்பையிலுள்ள அமிலத்தை ஆகாரம் மட்டுப்படுத்திவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரத்து ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டு வேறொன்றைக் கண்டு சொன்னார்கள். ஆகாரம் இரைப்பையின் நடுவில் கிடக்க, மட்டுப்படாத அமிலம் ஆகாரத்தின் மேல்பகுதியில், சரியாக அந்தச் சந்திப்பின் வாசலிலேயே, ஒரு சிறு குட்டைபோலத் தேங்கி நிற்கிறது. வயிறு முட்டப் புசித்தவுடன் எரிச்சல் வருவதன் காரணம் இதுவே. அதே நகரத்தார் 2014-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களின் இடுப்பில் பட்டையை இறுகக் கட்டிப் பார்த்தபோது சந்திப்பு மேல்நோக்கித் தள்ளப்பட்டு, அமிலம் குழாயின் அடிப்பகுதியில் படிந்ததைக் கண்டார்கள். தொப்பையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பேன்ட் பெல்ட்டைக் கடைசித் துளைவரை இழுத்துக் கட்டும் சகோதரர்களும், பாவாடை நாடாவை இறுக முடியும் சகோதரிகளும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

திசு இனம் மாறுவது எப்படி

அமிலமும், சில சமயம் அதோடு கலந்து வரும் பித்தநீரும், குழாயின் அடிப்பகுதியை மறுபடியும் மறுபடியும் சுட்டுக்கொண்டே இருந்தால் அங்கே புண் உண்டாகும். புண் ஆறும்; திரும்பவும் உண்டாகும். பெரும்பாலோருக்குப் பழைய தட்டையடுக்குத் தோலே மீண்டும் வளர்ந்து மூடிவிடுகிறது. ஆனால் சிலருக்கு, ஆறும்போது தட்டையடுக்குக்குப் பதிலாக நெடிய உயிரணுக்கள் வரிசையாக முளைத்துவிடுகின்றன. அவற்றின் நடுவே, சாதாரணமாகக் குடலில் மட்டுமே காணப்படும், சளி நிறைந்த கிண்ணம் போன்ற உயிரணுக்களும் தோன்றுகின்றன. நுண்ணோக்கியில் பார்க்கிறவர் குடலின் துண்டு நெஞ்சில் எப்படி வந்தது என்று வியக்கத்தக்க விதமாய் அது இருக்கும்.

இப்படி ஒரு வகைத் திசு இருந்த இடத்தில் வேறொரு வகைத் திசு குடியேறுவதை மெட்டாப்ளேசியா என்பார்கள். இது சரீரத்தின் ஒருவகைத் தற்காப்பே. புதிதாக வந்த திசு அமிலத்தை நன்றாகத் தாங்கும். சிலருக்குப் பத்து வருஷம் வாட்டிய நெஞ்செரிச்சல் திடீரெனக் குறைந்துபோவதும் இதனாலேயே. "எனக்கு இப்பொழுது சுகமாகிவிட்டது" என்று அவர் சொல்லும் வேளையில், உள்ளே தோல் மாறிப்போயிருக்கக் கூடும். புகைபிடிக்கிறவரின் மூச்சுக்குழாயிலும் இதேபோல, அங்கே மறுதிசையில், நெடிய உயிரணுக்கள் போய்த் தட்டையானவை வந்து குடியேறுவதுண்டு. சரீரம் உபத்திரவத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. மாற்றத்துக்குரிய விலையைப் பின்னால் செலுத்துகிறது.

எண்டோஸ்கோபியில் இந்த மாறிய தோல் இசட் கோட்டிலிருந்து மேல்நோக்கி நாக்குகள்போல நீண்டு தெரியும். மேலைநாட்டார் இதன் நிறத்தைச் சால்மன் என்னும் மீனின் சதைக்கு ஒப்பிடுவார்கள். அந்த மீனைப் பாராத நமக்கு, பிளந்த சிவப்புக் கொய்யாப்பழத்தின் உட்புறம் என்றால் எளிதில் விளங்கும்.

பாரெட் என்பவரின் பெயர்

இந்த நிலைக்குப் "பாரெட் உணவுக்குழாய்" என்று பெயர். இந்தப் பெயருக்குரியவரின் வரலாறு சொல்லத்தக்கது. நார்மன் பாரெட் 1903-இல் ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்து, லண்டனிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நெஞ்சு அறுவை மருத்துவராக விளங்கியவர். 1950-இல் அவர் எழுதிய கட்டுரையில், நெடிய உயிரணுக்களால் மூடப்பட்ட அந்தக் கீழ்ப்பகுதியை விவரித்தார். ஆனால் அவர் சொன்ன விளக்கம் இன்று நாம் சொல்வதற்கு நேர்மாறானது. அது உணவுக்குழாயே அல்ல என்றார் அவர். பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருந்தபடியால் இரைப்பை குழாய்போல நெஞ்சுக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. நாம் காண்பது இரைப்பையையே என்பது அவர் வாதம்.

லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஆலிசன், ஜான்ஸ்டோன் என்னும் இருவர் 1953-இல் இதை மறுத்தார்கள். அந்தப் பகுதியின் தசையும் அதிலுள்ள சுரப்பிகளும் உணவுக்குழாய்க்கே உரியவை. ஆகவே அது உணவுக்குழாய்தான், உள்தோல் மட்டுமே வேறு என்று அவர்கள் காட்டினார்கள். அந்த மறுப்பு வெளியான "தோராக்ஸ்" என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் வேறு யாருமல்ல, பாரெட்டே. தன்னை மறுக்கும் கட்டுரை தன் பத்திரிகையிலேயே அச்சேறியதை அவர் தடுக்கவில்லை. அந்த இருவரும், அங்கே தோன்றும் புண்ணுக்குப் பாரெட்டின் பெயரையே இட்டார்கள். 1957-இல் பாரெட் தாமே தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அது நெடிய உயிரணுக்களால் மூடப்பட்ட உணவுக்குழாய் என்று எழுதினார். இக்காலத்து மருத்துவ உலகில் இப்படிப்பட்ட பத்திராதிபர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆயினும் அது பிறவிக் குறை என்ற எண்ணம் உடனே மறையவில்லை. 1970-இல் நாய்களைக்கொண்டு செய்த ஒரு பரிசோதனை அதை அசைத்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அமிலம் மேலேறும்படி செய்தபோது, ஆறிய இடத்தில் நெடிய உயிரணுக்கள் முளைத்தன. ஆகவே இது பிறப்பில் வருவதல்ல, பின்னால் சம்பாதித்துக்கொள்வது என்பது நிலைநின்றது.

அந்த நெடிய உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்காடு மன்றத்தில் நின்றது. தட்டை உயிரணுக்களே மாறுகின்றனவா? குழாயின் சுரப்பிகளிலிருந்து வருகின்றனவா? கருவிலிருந்து மிஞ்சிய உயிரணுக்களா? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களை உள்ளடக்கிய ஒரு குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனி உயிரணுக்களின் மரபுச் செயல்பாட்டை ஒப்பிட்டு, அவை இரைப்பையின் வாசற்பகுதியிலிருந்தே மேலே வந்து குடியேறுகின்றன என்பதற்கு வலுவான சான்று காட்டியது. எழுபது ஆண்டுகளுக்கு முன் பாரெட், "நாம் காண்பது இரைப்பையே" என்று சொன்னது முற்றிலும் வீண்போகவில்லை போலும்.

மாற்றத்திலிருந்து புற்றுநோய்க்கு

இடம் மாறி வந்த திசு பல வருஷங்கள் அமைதியாகவே இருக்கும். ஆனால் அமிலத்தின் சூட்டில் உயிரணுக்கள் விரைவாகப் பெருகும்போது, மரபுப்பொருளைப் பிரதியெடுப்பதில் பிழைகள் சேருகின்றன. பிழைபட்ட உயிரணுவை நிறுத்திவைக்கும் காவலாளி ஒன்று நம் சரீரத்தில் உண்டு; அதற்கு பி53 என்று பெயர். அந்த மரபணுவே பழுதாகிவிட்டால், அடுத்த பிழைகள் கட்டுக்கடங்காமல் போகும். அப்பொழுது நுண்ணோக்கியில் உயிரணுக்கள் வரிசை குலைந்து, உட்கரு பருத்து, கறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கியடித்து நிற்கும். இதற்கு டிஸ்ப்ளேசியா என்று பெயர். குறைந்த அளவு, மிகுந்த அளவு என்று அதை இரண்டாகப் பிரிப்பார்கள். இதற்கும் அடுத்த படி, உயிரணுக்கள் தங்கள் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது. அதுவே புற்றுநோய், சுரப்பித் திசுவிலிருந்து பிறப்பதால் அடினோகார்சினோமா என்று அழைக்கப்படுகிறது.

இந்தப் படிகளை வாசித்ததும், முதற்படியில் நிற்பவர் எல்லாரும் கடைசிப் படிக்கு ஏறியே தீருவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. டென்மார்க் தேசத்தில் பாரெட் நிலையுடைய 11,000-க்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வருஷத்தில் புற்றுநோய் வந்தவர்கள் 0.12 சதவீதம் மட்டுமே. அதாவது ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவர். மிகுந்த அளவு டிஸ்ப்ளேசியா உள்ளவர்களுக்கோ அது வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு, ஏழு பேர் என்ற அளவுக்கு உயர்கிறது. ஒரே பெயரைத் தாங்கிய இருவருக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதனால்தான் பயாப்சி அறிக்கையிலுள்ள அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை முக்கியத்துவம்.

அந்த வார்த்தையை எழுதுவதிலும் தடுமாற்றம் உண்டு. நெதர்லாந்தில் சாதாரண மருத்துவமனைகளில் "குறைந்த அளவு டிஸ்ப்ளேசியா" என்று எழுதப்பட்ட 147 பேரின் கண்ணாடித் தகடுகளை, இதில் தேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர்கள் திரும்பப் பார்த்தபோது, 85 சதவீதம் பேருக்கு அந்த முடிவைத் தளர்த்தினார்கள். அமிலப் புண் ஆறிக்கொண்டிருக்கும் தோலும் பார்வைக்கு அப்படியே தோன்றும் என்பதே காரணம். எனவே இந்த வார்த்தை அறிக்கையில் வந்தால் இரண்டாவது வல்லுநர் ஒருவர் அதே தகட்டைப் பார்க்கவேண்டும் என்பது இன்று எங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். அப்படிக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

நம் தேசத்து நிலைமை

மேற்கத்திய தேசங்களில், விசேஷமாக வெள்ளைக்கார ஆண்களிடையே, இந்த அடினோகார்சினோமா வெகுவேகமாய்ப் பெருகிற்று. அமெரிக்காவில் 1975-க்கும் 2001-க்கும் இடையில் அது ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. இந்தியாவிலோ உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு இன்றும் வேறு வகை. அது குழாயின் தட்டையடுக்குத் தோலிலேயே பிறக்கிறது. எதுக்களிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புகையிலை, மது, பாக்கு ஆகியவையே அதன் முக்கிய காரணங்கள். மிகுந்த சூடான பானங்களும் காரணமாகலாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானம் பருகுவது அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. பாக்கையோ அதற்கு முன்பே, புகையிலை சேர்க்காமல் மென்றாலும்கூட, நிச்சயமாகப் புற்றுநோய் தருவது என்ற முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. வடமாநிலங்களில் பிழைக்கவந்த நம் வாலிபர்கள் பான்மசாலாப் பொட்டலத்தைத் தீங்கற்ற வாய்மணம் என்று எண்ணி வாங்குவது அறியாமையே.

சந்திப்பில் தோன்றும் புற்றுநோய் எல்லாம் பாரெட் வழியாகவே வருவதும் அல்ல. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டறிந்தார்கள். 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இந்தக் கிருமி பல பத்தாண்டுகள் தங்கி இரைப்பையின் தோலை அழற்சியினால் தேயச்செய்து, அங்கேயும் குடல்வகைத் திசுவை முளைக்கச்செய்கிறது. நீண்டகால அழற்சி, தேய்வு, குடல்வகை மாற்றம், டிஸ்ப்ளேசியா, புற்றுநோய் என்னும் இந்தப் படிவரிசையைக் கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொரேயா என்னும் நோய்க்குறியியலார் விளக்கினார். சந்திப்பின் சற்றுக் கீழே தோன்றும் கட்டிகளில் சில இந்த வழியாய் வந்தவை. சில அமிலத்தின் வழியாய் வந்தவை. ஒன்றில் அமிலம் குறைந்துபோகிறது, மற்றதில் அமிலம் மிஞ்சுகிறது. ஆனால் கட்டி முற்றினபின் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தை அடைத்துக்கொண்டு, எது எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாதபடி நிற்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஜெர்மானிய அறுவை மருத்துவர் சீவர்ட் 1987-இல் ஒரு பகுப்பை ஏற்படுத்தினார். கட்டியின் மையம் சந்திப்புக்கு மேலே 1 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதல் வகை. மேலே 1 சென்டிமீட்டர் முதல் கீழே 2 சென்டிமீட்டர் வரை இரண்டாம் வகை. கீழே 2 முதல் 5 வரை மூன்றாம் வகை. நெஞ்சைத் திறந்து அறுவை செய்வதா, வயிற்றை மட்டும் திறப்பதா என்பதை முடிவுசெய்ய இன்றும் இது உதவுகிறது.

யார் பரிசோதிக்க வேண்டும்

எதுக்களிப்புள்ள எல்லாருக்கும் எண்டோஸ்கோபி தேவையில்லை. ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்து எரிச்சல் உள்ளவர், அவர் ஆணாக, ஐம்பது வயதைக் கடந்தவராக, தொப்பையுள்ளவராக, புகைபிடித்தவராக, அல்லது நெருங்கிய இரத்த சம்பந்தமுள்ள ஒருவருக்கு இந்த நோய் இருந்தவராக இருந்தால், இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுகூடும்போது மருத்துவரிடம் கேட்பது நியாயம். 1999-இல் வெளியான சுவீடன் தேசத்து ஆய்வில், இருபது வருஷத்துக்கு மேல் கடுமையான எதுக்களிப்புள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் நாற்பது மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. அபூர்வமான நோயாகையால் நாற்பது மடங்கு என்றாலும் மொத்த எண்ணிக்கை சிறியதே.

ஆனால் சில அறிகுறிகளுக்கு வயதும் இல்லை, வருஷக் கணக்கும் இல்லை. ஆகாரம் நெஞ்சில் தடைபட்டு நிற்பது, முதலில் சப்பாத்தி, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று ஒவ்வொன்றாக இறங்க மறுப்பது, காரணமின்றி எடை குறைவது, வாந்தியில் இரத்தம், தார்போலக் கறுத்த மலம், இரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்திலேயே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சப்பாத்தியை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறி, மூன்று மாதம் சமாளித்து, வீட்டாருக்குச் சொல்லாமல் இருந்தவர்களின் கட்டி அந்த மூன்று மாதத்தில் எங்கே போய் நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜெபமும் வேண்டும், ஜெபித்துக்கொண்டே டோக்கன் எடுத்து வரிசையில் உட்காருவதும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. நெஞ்சின் நடுவே அழுத்தும் வலியோடு வியர்வையும், கை அல்லது தாடைக்குப் பரவும் வலியும் வந்தால் அதை "கேஸ்" என்று ஒருபோதும் தீர்மானிக்காதீர்கள். அது இருதயமாக இருக்கலாம். அப்பொழுது சோடா உப்பைத் தேடுவதல்ல, ஆம்புலன்சைத் தேடுவதே அவசரம்.

எண்டோஸ்கோபியைக் குறித்த பயம் நம் ஜனங்களுக்கு அதிகம். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகச் செய்யும் மருந்துத் தெளிப்பு, இடதுபக்கமாய்ச் சாய்ந்து படுத்துப் பத்து நிமிஷம், இவ்வளவே. திசுவைக் கிள்ளி எடுப்பது வலிக்காது, ஏனெனில் அந்தத் தோலுக்கு அப்படிப்பட்ட உணர்ச்சி இல்லை. அன்றைக்கே வீடு திரும்பலாம். இங்கிலாந்தில் இதற்கும் எளிதான ஒன்றைப் பரிசோதித்திருக்கிறார்கள். நூலில் கட்டிய ஒரு மாத்திரையை விழுங்கச்செய்வார்கள். சில நிமிஷங்களில் அது கரைந்து உள்ளிருக்கும் சிறு ஸ்பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால் குழாய் நெடுகிலுமுள்ள உயிரணுக்களைச் சேகரித்துக்கொண்டு வெளியே வரும். 2020-இல் வெளியான அதன் முடிவுகளில், வழக்கமான முறையைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமானோருக்குப் பாரெட் நிலை கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தபின்

டிஸ்ப்ளேசியா இல்லாத பாரெட்டுக்குச் செய்யவேண்டியது இரண்டே: அமிலத்தைக் குறைக்கும் மருந்து, குறித்த காலத்தில் மறு பரிசோதனை. மாறிய தோல் 3 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கு மேலாயின் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்க வல்லுநர்கள் 2022-இல் தந்த வழிகாட்டுதல். பாண்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளைக் காலை ஆகாரத்துக்கு அரைமணி நேரத்துக்கு முன் எடுக்கவேண்டும். சாப்பிட்டபின் எடுத்தால் பாதிப் பயன் வீண். எரிச்சல் நின்றுவிட்டது என்பதனால் மாறிய தோல் திரும்பிவிட்டது என்று பொருளில்லை. பிரிட்டனில் 2,500-க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், இவ்வகை மருந்தை உயர்ந்த அளவில் ஆஸ்பிரினோடு சேர்த்துத் தந்தபோது நல்ல பயன் காணப்பட்டது. ஆனால் ஆஸ்பிரின் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும், மருத்துவர் எழுதித்தராமல் யாரும் தொடங்கக் கூடாது.

டிஸ்ப்ளேசியா உறுதியானால் இன்று பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. எண்டோஸ்கோபி வழியாகவே, தடித்த பகுதியைச் சீவி எடுத்து, மிஞ்சிய மாறிய தோலை ரேடியோ அலைச் சூட்டினால் சுட்டுவிடுகிறார்கள். அமில மருந்தின் பாதுகாப்பில் அங்கே பழைய தட்டையடுக்குத் தோலே திரும்ப வளர்கிறது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மிகுந்த அளவு டிஸ்ப்ளேசியா இருந்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் அது முற்றிலும் நீங்கியது. பாவனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கே அப்படி நேர்ந்தது. உள்தோலை மட்டும் பற்றியிருக்கும் ஆரம்பப் புற்றுநோயையும் இவ்விதமே எடுத்துவிடலாம். தோலுக்கு அடியிலுள்ள அடுக்கை அது தொட்டுவிட்டால், நிணநீர் வழியாகப் பரவும் வாய்ப்பு ஏறுகிறது. பிறகு கீமோதெரபியும், உணவுக்குழாயின் பகுதியை நீக்கி இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் பெரிய அறுவையும் என்று வழி நீளும்.

இரவு ஆகாரத்துக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கவேண்டும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நகரத்து வேலைநேரத்தில் அது கூடாத காரியம் என்பதை அறிவோம். முடியாதவர்கள் மாலையில் ஆபீஸிலேயே பெரும்பகுதி ஆகாரத்தை முடித்துக்கொண்டு, வீட்டில் கொஞ்சமாய்ப் புசிக்கலாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குச் செங்கல் வைக்கலாம். தலையணையை அடுக்குவது உதவாது, வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இடதுபக்கமாய்ப் படுப்பது நல்லது, ஏனெனில் அப்பொழுது இரைப்பையின் அமிலக்குட்டை சந்திப்புக்குக் கீழே தங்கும். உபவாசத்தை முடிக்கும்போது ஒரேயடியாய் வயிறு முட்டப் புசிப்பதும், முழு இரவு ஜெபம் முடிந்து விடியற்காலையில் காரமான ஆகாரம் உண்டு உடனே உறங்கிவிடுவதும் சந்திப்பின்மேல் சுமத்தப்படும் பாரமே. கஞ்சியோ இட்லியோ கொஞ்சமாய் உண்டு, சற்று உட்கார்ந்திருந்து படுக்கலாம்.

பரிசோதனை செய்துகொண்டவர்கள் அறிக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாரெட் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் சி2 எம்4 என்பதுபோல எழுத்தும் எண்ணும் இருக்கவேண்டும். சி என்பது மாறிய தோல் குழாயைச் சுற்றிலும் முழுவட்டமாய் எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்பது. எம் என்பது மிக நீண்ட நாக்கின் அளவு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நாக்குகளைப் பாரெட் என்று அழைக்கலாகாது என்பதே இன்றைய விதி. எத்தனை இடத்தில் கிள்ளினார்கள் என்பதும் பயாப்சித் தாளில் இருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை நான்கு திசையிலும் எடுப்பது முறை. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தாள்களைப் பழைய கேஸ் ரசீதுகளோடு சேர்த்து எறிந்துவிட வேண்டாம். மூன்று வருஷம் கழித்துப் புது ஊரில் பார்க்கும் மருத்துவர், மாறிய தோல் வளர்ந்திருக்கிறதா அல்லது அப்படியே நிற்கிறதா என்பதைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டே சொல்லமுடியும். கண்ணாடித் தகடும் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியும் பரிசோதித்த மருத்துவமனையில் இருக்கும். இரண்டாவது கருத்துக்காக வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள்.